பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் தேவையா?

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் திரையரங்க ஒலி அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஸ்பீக்கர் கூடினால் என் கூலியும் கூடும். ஆனாலும் "அண்ணா, ஐந்து இருக்கிறது, ஏழாக்கித் தாருங்கள்" என்று யாராவது அழைத்தால், முதல் தடவை அளவு நாடாவை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். செற்றி பின்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

நீங்களே அளந்து பாருங்கள். நாடாவின் ஒரு முனை பின்சுவரில் இருக்கட்டும். மறுமுனையைச் செற்றியில் உட்கார்ந்திருப்பவரின் காது வரை கொண்டுவாருங்கள். செற்றியின் முதுகோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு அடிக்குக் குறைவாக இருந்தால் 7.1, அதாவது ஏழு ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூபரும், என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

காரணம் கோணம். உங்களுக்கு நேர் முன்னால் 0 பாகை, காதுக்கு நேர் பக்கம் 90, முதுகுக்கு நேர் பின்னால் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஸ்பீக்கர் உள்ள 5.1 அமைப்பில் சரவுண்ட் சோடியை, அதாவது சூழ ஒலிப்பதற்காக வைக்கும் இரண்டு ஸ்பீக்கரை, 110 முதல் 120 பாகைக்குள் வைக்கச் சொல்கிறது இந்த ஒலிமுறைகளை உருவாக்கும் டொல்பி நிறுவனம். அதாவது காதுக்குப் பக்கத்தில், சற்றே பின்னால். 7.1 ஆக்கும்போது பக்கத்துச் சோடி 90க்கும் 110க்கும் இடையில் வரவேண்டும். புதிய பின்சோடி 135க்கும் 150க்கும் இடையில். 135 பாகை என்றால் காதிலிருந்து பக்கவாட்டில் எத்தனை அடியோ, பின்பக்கமும் அத்தனை அடி. உங்கள் தலைக்கும் சுவருக்கும் ஓர் அடிதான் இடைவெளி என்றால் அந்தக் கோணம் உங்கள் தோளுக்குப் பின்னாலேயே வந்துவிடும். ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும். அது வேண்டாம் என்று சுவரோடு அகட்டி வைத்தால் கோணம் 105 பக்கமாகச் சுருங்கிவிடும். அங்கேதான் ஏற்கெனவே ஒரு சோடி நிற்கிறதே! ஒரே திசையில் நான்கு ஸ்பீக்கர் வைப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டுமா?

கொழும்புத் தொடர்மாடி வீடுகளின் அமைப்பும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ஹோலும் சாப்பாட்டு அறையும் ஒன்றாக, பெரும்பாலும் எல் வடிவில் இருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மேசையும் ஆறு கதிரைகளும், அதற்கப்பால் குசினிக்குப் போகும் வழி. இடது சரவுண்டைச் சுவரில் பொருத்திவிட்டு, வலது சரவுண்டுக்கு இடம் தேடி அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஆறாவது ஏழாவது ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஐந்தாவதை ஒரு தாங்கியில் ஏற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் ஐந்தடி தூரம் என்றால் காதுக் கோட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டடி பின்னால் தள்ளி வையுங்கள். 110 பாகை வந்துவிடும். கோணமானி தேவையில்லை.

பின்பு செற்றியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. வீட்டுக்காரி முறைப்பார், நடக்க வழி இல்லை என்பார். ஒரு படம் பார்த்து முடிக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறி வீங்கிக் கேட்கும், சரவுண்ட் ஒலியும் பின்சுவரில் பட்டு உடனே திரும்பி வந்து குழம்பும். இரண்டடி தள்ளியதுமே "இப்போது பின்னாலும் கேட்கிறதே" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அதற்குமேல் ஒன்றும் வாங்கவில்லை.

அடுத்து, இருக்கிற ஐந்தும் உண்மையிலேயே ஐந்தாக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். என் அனுபவத்தில் ஏழு கேட்டு அழைக்கிறவர்கள் பலரின் வீட்டில் ஓடுவது வெறும் ஸ்டீரியோதான். தொலைக்காட்சியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் டிஜிட்டல் வெளியீடு 'பிசிஎம்' என்று இருக்கும். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் அப்படி இருந்தால் படம் 5.1 ஆக வந்தாலும் ரிசீவருக்கு, அதாவது ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு, போய்ச் சேர்வது இரண்டு தடங்கள். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். ரிசீவரின் முகப்பில் உள்ளே வரும் ஒலி எதுவென்று எழுத்தில் தெரியும். அங்கே 'டொல்பி டிஜிட்டல்', 'டொல்பி டிஜிட்டல் பிளஸ்', 'டொல்பி அட்மாஸ்', 'டிடிஎஸ்' போன்ற பலதட ஒலி ஒன்றின் பெயர் வராமல் இருந்தால் பத்து ஸ்பீக்கர் வைத்தும் பயனில்லை. ஒப்டிக்கல் வயரில் இணைத்திருப்பவர்களுக்கு, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் முறையான அட்மாஸ் வரவே வராது. எச்டிஎம்ஐ வயரை 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. ரிசீவரில் 'எல்லாச் சனலும் ஸ்டீரியோ' என்று ஒரு தெரிவு உண்டு. பிறந்தநாள் விழாவில் பாட்டுப் போட நல்லது. அதை அழுத்தினால் முன்னால் கேட்கிற அதே ஒலி பின்னாலும் கேட்கும். அதையே சரவுண்ட் என்று நம்பிப் படமும் பார்க்கிறார்கள். சரியாக அமைத்த வீட்டில் பேச்சுக் காட்சிகளின்போது பின்ஸ்பீக்கர் பெரும்பாலும் மௌனமாகத்தான் இருக்கும். மழை, கூட்டம், கோயில் மணி, தலைக்கு மேல் பறக்கும் விமானம் என்று வரும்போதுதான் அது வாய் திறக்கும். "பின்னால் ஒன்றும் கேட்கவில்லை, பழுதாகிவிட்டது" என்று அழைப்பவர்களிடம் மழைக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்பேன்.

வயர் முனைகளையும் பாருங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு சரவுண்டில் மட்டும் மாறியிருந்தால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் தலைக்குள்ளேயே சுற்றும். கடற்கரைப் பக்கம், குறிப்பாக ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கைகளில், உப்புக் காற்றில் செம்பு முனை பச்சை பிடித்துவிடுகிறது. அப்படியிருந்தால் ஓர் அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள். பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அந்த நுரை பொடிந்துவிடும். ரப்பர் வளையம் என்றால் தாங்கும்.

"பேச்சு விளங்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் வீடு அதிர்கிறது" என்ற முறைப்பாட்டுக்கும் ஏழாவது ஸ்பீக்கருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. படத்தில் பேச்சின் பெரும்பங்கு நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தால் கதவைத் திறந்து, ஸ்பீக்கரை விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கிச் சற்று மேலே சாய்த்து வையுங்கள். போதவில்லை என்றால் ரிசீவரில் அதன் அளவை இரண்டு மூன்று டெசிபெல் கூட்டுங்கள்.

ஹோலின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கண்ணாடி யன்னல். தட்டிய ஓசை 'ட்ரிங்' என்று இழுபட்டால் அந்த அறைக்கு வேண்டியது ஸ்பீக்கர் அல்ல. தடித்த திரைச்சீலை, தரைக்கு ஒரு கம்பளம், புத்தகம் நிறைந்த ஓர் அலுமாரி. எதிரொலிக்கிற அறையில் ஸ்பீக்கரைக் கூட்டுவது, உப்புக் கூடிய குழம்பில் மேலும் மிளகாய்த்தூள் போடுவது.

இத்தனையும் சரி செய்த பிறகும் பின்னால் ஒரு வெற்றிடம் இருப்பதாகத் தோன்றினால், அப்போது பேசலாம்.

முதலில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கேபிளில் வரும் செய்தியும் தொடர் நாடகமும் பெரும்பாலும் ஸ்டீரியோ. இணையத்தில் வரும் படங்கள் வழக்கமாக 5.1, சில அட்மாஸ். நெட்பிளிக்ஸில் அட்மாஸ் வேண்டுமென்றால் பிரீமியம் சந்தா எடுக்க வேண்டும். தனித்தனியாக ஏழு தடம் பதிந்த ஒலி பெரும்பாலும் புளூரே வட்டுகளிலும் விளையாட்டுகளிலும்தான் கிடைக்கும். 5.1 படத்தை 7.1 அமைப்பில் போட்டால் பின்சோடிக்கு வருவது, ரிசீவர் பக்கத்துச் சோடியின் தடங்களிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுப்பது. அது சில வேளைகளில் நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் படம் எடுத்தவர் அங்கே வைக்காத ஒன்றை அது கொண்டுவராது. உங்கள் மகன் பிளேஸ்டேஷனில் விளையாடுகிறான், பின்னால் வரும் எதிரியின் காலடி எங்கே என்று தெரியவேண்டும் என்கிறான் என்றால் கதை வேறு. அவனுக்குப் பின்சோடி உண்மையிலேயே உதவும்.

செற்றிக்குப் பின்னால் ஐந்தாறு அடி வெறுமையாக இருக்கும் நீண்ட ஹோல்களிலும், இரண்டு வரிசையாக உட்காரும் வீடுகளிலும் நான் தயங்காமல் ஏழு போடச் சொல்வேன். வத்தளைப் பக்கத்துத் தனி வீடுகளில் அப்படி இடம் கிடைப்பதுண்டு. அங்கே ஐந்து மட்டும் இருந்தால் ஹெலிகொப்டர் இடது தோளிலிருந்து வலது தோளுக்குத் தாவும். பின்சோடி போட்டால் முதுகைச் சுற்றிப் போகும்.

எதற்கும் வாங்குவதற்கு முன் கடன் வாங்குங்கள். நண்பர் வீட்டில் சும்மா இருக்கும் புத்தக அலுமாரியில் வைக்கும் வகைச் சிறிய ஸ்பீக்கர் இரண்டு போதும். நிறமும் பெயரும் பொருந்தவேண்டியதில்லை. காது உயரத்துக்கு வரும் இரண்டு முக்காலிகளில் ஏற்றி, 135 பாகைக்கும் 150 பாகைக்கும் இடையில் வைத்து, வயரைத் தரையிலேயே ஓட்டி, ரிசீவரில் 'சரவுண்ட் பாக்' என்பதைத் திறந்துவிடுங்கள். தூரத்தையும் அளந்து கொடுங்கள்; ஒலி ஒரு மீற்றர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செக்கன் ஆகும், அதை ரிசீவர்தான் கணக்கிட்டுச் சரிசெய்கிறது. பிறகு ரிசீவர் எழுப்பும் சோதனை ஒலியை எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கைத்தொலைபேசியில் டெசிபெல் காட்டும் செயலி இதற்குப் போதும்.

அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகத்தான் படும், கடைக்காரருக்கும் அது தெரியும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் யாராவது பின்சோடியை அணைத்தும் திறந்தும் விடட்டும், எப்போது என்று சொல்ல வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படத்தின் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். எப்போது அணைந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். முடிகிறது, அதுவும் பிடித்திருக்கிறது என்றால் ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு தேடினால் வாங்குங்கள். வீட்டில் மற்றவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் இந்த வாரத்தில் கவனியுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் பாயில் படுத்துத்தான் படம் பார்ப்பார்கள். ஓரக் கதிரையில் இருக்கும் மாமிக்கு வலது சரவுண்ட் மட்டும்தான் கேட்கும். மாமியின் தொல்லைக்கு மருந்து, அந்த ஸ்பீக்கரை ஓர் அடி உயர்த்தி அவர் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் திருப்புவது.

பின்சோடிக்கு இடமில்லாத வீட்டில் கூரைப்பக்கம் இரண்டு போடலாமா என்று கேட்பீர்கள். அட்மாஸ் 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீடுகளுக்கும் வந்தது. ஏழு சனல் ரிசீவர்களில் பலவற்றை 7.1 ஆகவோ, 5.1 உடன் கூரைப்பக்கம் இரண்டு சேர்ந்த 5.1.2 ஆகவோ பயன்படுத்தலாம். சுவரோடு ஒட்டிய செற்றி, பார்ப்பது இணையப் படம், சந்தாவில் அட்மாஸ் உண்டு என்ற வீட்டில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தடை கூரைதான். தொடர்மாடியில் மேலே இருப்பது கொங்கிரீட் தட்டு. அதை வெட்டிப் பதிக்க முடியாது. ஜிப்சம் சீலிங் இறக்கியிருந்தால் பதிக்கலாம். இல்லையென்றால் சிறிய ஸ்பீக்கரைத் தாங்கியோடு தட்டில் திருகிக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். தலைக்கு நேர் மேலே, அல்லது ஓர் அடி முன்னால். அந்த இடத்தில் மின்விசிறி தொங்கும், வேறெங்கே தொங்கும்! இரு பக்கமும் விலக்கி வையுங்கள். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் சீலிங் அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருக்கலாம். அதில் துளை போடவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாதது.

மேல்நோக்கி ஒலியெழுப்பிச் சீலிங்கில் தெறிக்கச் செய்யும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான, கடினமான சீலிங் வேண்டும். கொங்கிரீட் தட்டு இதற்கு மிக நன்று. உயரம் ஏழரை அடி முதல் பன்னிரண்டு அடி வரை இருந்தால் வசதி. சரிவான பலகைச் சீலிங்கில் வேலை செய்யாது.

இருக்கும் கருவி இடம் கொடுக்குமா என்பதையும் பாருங்கள். ஒரே பெட்டியில் ஐந்து ஸ்பீக்கரோடு வரும் 'ஹோம் தியேட்டர்' செட்டில் ஆறாவதை இணைக்கத் துளையே இருக்காது. அதன் ஸ்பீக்கரின் மின்தடை 3 ஓம் அளவில் இருப்பதுண்டு. 6 அல்லது 8 ஓமுக்குச் செய்த ரிசீவரில் அதைக் கொண்டுபோய் மாட்டினால் ரிசீவர் கொதிக்கும். ஆக அங்கே 'இரண்டு கூட்டுவது' என்பது எல்லாவற்றையும் மாற்றுவது. சவுண்ட்பாருக்கும் அப்படித்தான், பின்சோடி அதே நிறுவனத்தின் அதே வரிசையாக இருக்கவேண்டும்.

கனடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ரிசீவர் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகியதும் தீர்ந்தது. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும், அதன் வொட் அளவு ரிசீவர் கேட்பதைவிடத் தாராளமாக இருக்கவேண்டும். சப்வூபருக்கும் இதே கதை. மின்சாரம் இல்லாமல் இயங்கும் சாதாரண ஸ்பீக்கருக்கு எந்த நாடும் ஒன்றுதான். லண்டனிலிருந்து வருவது பிரச்சினையில்லை, பிளக்கும் பெரும்பாலும் பொருந்திவிடும்.

வயருக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சுற்றினால் போதும். செம்பு பூசிய அலுமினியம் அல்ல, முழுச் செம்பு என்று கேட்டு, முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் நம் ஹோல்களுக்குத் தாராளம். பிவிசி கேசிங்கில் சுவரோரமாக ஓட்டிவிடலாம். வயரில்லா சரவுண்ட் என்று விற்பார்கள். அதற்கும் மின்சார வயர் ஒன்று வேண்டும், செற்றிக்குப் பின்னால் பிளக் பொயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் கையிலேயே இருந்தால், ஒரு கதிரையில் அதிர்ந்தும் அடுத்ததில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும் தாழ்ந்த ஒலியைக் கவனியுங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சிறிய சப்வூபர் வைத்தால் எல்லாக் கதிரைக்கும் ஏறத்தாழச் சமமாகக் கேட்கும். கீழ்வீட்டுக்காரருக்குக் கொங்கிரீட் வழியே இறங்குவதும் இந்தத் தாழ்ந்த ஒலிதான். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று வையுங்கள், இரவு பத்துக்குப் பிறகு ரிசீவரில் பெரிய சத்தங்களை அடக்கும் இரவுத் தெரிவைப் போடுங்கள்.

எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரிசீவரோடு வந்த மைக்கைக் காது உயரத்தில் வைத்துத் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டவேண்டும். மின்விசிறி, ஏசி இரண்டையும் அணைத்து, யன்னலைச் சாத்தி, கரையோர ரயில் போய் முடியும் வரை காத்திருந்து தொடங்குங்கள். முடிந்ததும் குறுக்கு அதிர்வெண், அதாவது எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூபருக்குப் போகிறது என்ற எல்லை, 80 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறதா, சிறிய சரவுண்டைப் 'பெரியது' என்று ரிசீவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் ரிசீவர், சப்வூபர், தொலைக்காட்சி மூன்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், கேபிள் வயரையும் சேர்த்து.